ஐநூறு கிலோவும் ஒரு தரைக்கல்லும்

எங்கள் அக்காவின் கணவருக்குப் பூனை என்று பெயர் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இரும்புப் பெட்டி நகர்த்துவது அவர் தொழில். நகையும் பத்திரமும் வைத்துப் பூட்டுகிற, நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாமல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பெட்டிதான். அதை வீட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, தரையில் ஒரு கீறல் விழாமல், பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை விழிக்காமல் கொண்டுபோய் வைப்பார். அதனால் பூனை. செருப்புப் போடாமல் வேலை செய்வது இன்னொரு காரணம்.

நான் அவருக்கு மச்சினன். பன்னிரண்டு வருஷமாக அவருடைய இரண்டாவது ஆள். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அவசரம். கொடுத்தது அக்காதான். கூடப் பிறந்தவள் வைக்கிற பட்டப்பெயரில் நியாயம் எங்கே இருக்கும் என்று நான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூனை வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் கொட்டாவி வரும். ஒரு பெட்டிக்கு இரண்டு நாள். முதல் நாள் பெட்டியைத் தொடவே மாட்டார். அது நிற்கிற இடத்திலிருந்து போக வேண்டிய இடம்வரை வெறுங்காலோடு நடப்பார், திரும்பி வருவார், மறுபடி நடப்பார். வீட்டை வாங்க வந்திருக்கிறாரோ என்று வீட்டுக்காரர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு பையிலிருந்து ஒரு பழைய பித்தளைக் கதவுக் குமிழை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தரைக்கல்லாகத் தட்டுவார். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஒரு கல்லுக்கு ஐந்து தட்டு. அடியில் சிமெண்ட் நிறைந்த கல் மொத்தையாகச் சத்தம் தரும். கொத்தனார் ஒப்புக்குக் கொஞ்சம் தடவிவிட்டு மேலே கல்லை வைத்துப் போயிருந்தால் உள்ளே காலி. அது வெறும் டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். அந்தக் காலிக் கல்லின்மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஆள் நடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஐநூறு கிலோ ஏறினால் உடைந்துவிடும்.

இரண்டாம் நாள், குறி போட்ட கற்களை விட்டு விலகி ஒரு பாதை பிடிப்பார். பெருக்குவார், ஈரத்துணியால் துடைப்பார், காய்ந்த துணியால் இன்னொரு தடவை. பலகைக்கு அடியில் ஒரு மணல் மாட்டினால் போதும், ஆயுளுக்கும் அழியாத கோடு விழுந்துவிடும் என்பார். அப்புறம் தரையில் கம்பளி, அதன்மேல் கனமான பிளைவுட் பலகை. கடப்பாரையால் பெட்டியின் ஒரு பக்கத்தை ஒரு விரல் உயரத்துக்கு நெம்பி, கட்டையை முட்டுக் கொடுத்து, அடியில் இரும்புக் குழாய்களை நுழைப்போம். பெட்டி குழாய்களின்மேல் உருளும். பின்னால் விடுபடுகிற குழாயை எடுத்து முன்னால் வைப்பது என் வேலை. அவர் ஒரு கையைப் பெட்டியிலும் வெறுங்காலைப் பலகையிலும் ஊன்றித் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு சாண், நிறுத்தம். இன்னொரு சாண், நிறுத்தம். கூட இருக்கிறவனுக்கு உயிர் போகும்.

அதனால்தான் நான் டிராலி வாங்கினேன். ரப்பர் சக்கரம், மஞ்சள் பெயிண்ட், பார்க்கவே லட்சணமாக இருந்தது.

“மாமா, இதுல ஏத்தினா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும்.”

அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “சக்கரம் எத்தனை?”

“நாலு.”

“அப்போ ஐநூறு கிலோவும் நாலு புள்ளியில நிக்கும். கீழ இருக்கிற கல்லு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

டிராலி அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. மூன்று வருஷமாக நான் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இருபத்திரண்டு பிள்ளைகள். அத்தனை கூச்சலையும் தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு. அந்தக் குரலுக்கே மாமா திரும்புவதில்லை என்று அவள் போன வருஷம் கவனித்தாள். கல்யாணமானவர்களுக்கு வருகிற வழக்கமான செவிடுதானே என்று முதலில் சிரித்தோம். பிறகு ஒரு நாள் வாசலில் வேனைப் பின்னால் எடுக்கும்போது அவள் ஹாரன் அடித்தும் மனுஷன் நகரவில்லை. பம்பருக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. காது டாக்டரிடம் போகலாம் என்றால், “எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது” என்று அவள் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

அடுத்த வேலை வந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“டேய், பெட்டி சரியுதுன்னு வச்சுக்க. நீ கத்துற, அவருக்குக் கேக்கல. அப்புறம் போன காலை யாரு கொண்டு வந்து தருவா?”

“அப்படியெல்லாம் ஆகாதுக்கா.”

“ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன். நீ கூடவே இருந்து பாரு. அவர் காதால ஒரே ஒரு கல்லு உடைஞ்சாலும் எங்கிட்ட வந்து சொல்லு. அதோட நிறுத்திடறேன்.”

“நிறுத்திட்டா அவர் என்ன பண்ணுவாரு?”

“உயிரோட இருப்பாரு” என்றாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

பெட்டி நகர்த்துவதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் நிறுத்திவிட்டால் தொழில் என் கைக்கு வரும், டிராலி வெளியே வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அப்போது நினைக்கவேயில்லை என்று சொன்னால் பொய்.

வேலை ஒரு பல் டாக்டரம்மா வீட்டில். ஒரு நகைக்கடைக்காரரிடமிருந்து அந்த வீட்டை வாங்கியிருந்தார். வீட்டோடு பெட்டியும் வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை, சாவி மட்டும் இருந்தது. முன்னறையை கிளினிக் ஆக்கப்போகிறார், பெட்டி பின்னறைக்குப் போக வேண்டும். நோயாளி உட்கார்கிற பெரிய நாற்காலி மறுநாள் மத்தியானம் லாரியில் வருகிறது. தரை முழுக்க வெள்ளைக் கல், முகம் பார்க்கலாம்.

முதல் நாள் மாமா தட்ட ஆரம்பித்ததும் டாக்டரம்மா ஆவலாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நாங்களும் பல்லை இப்படித்தான் தட்டிப் பார்ப்போம். உங்களுக்கு எதுல தெரியும், சத்தத்துலயா, விரல்லயா?”

மாமா நிமிரவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது. நான்தான் முந்திக்கொண்டு, “சத்தத்துலதான் டாக்டர்” என்றேன். சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், மாமா உட்கார்ந்திருந்த விதம் வேறாக இருந்தது. முன்பெல்லாம் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து தட்டுவார். இப்போது தட்டுகிற கல்லின்மேலேயே இடது பாதத்தை முழுக்கப் பதித்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். தட்டினார், கொஞ்சம் இருந்தார், குறி போட்டார். மொத்தம் பதினொரு குறி.

அவர் கை கழுவப் போனபோது நான் குமிழை எடுத்து அங்கங்கே தட்டிப் பார்த்தேன். குறி போட்டதெல்லாம் காலி, போடாததெல்லாம் கெட்டி. காது போன பிறகு மனுஷன் காலால் கேட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை மாசமாகவோ, யாரிடமும் மூச்சு விடாமல். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது.

மறுநாள் காலையில் போனால் தரை பளிச்சென்று இருந்தது. ஒரு குறிகூட இல்லை.

“தட்டி முடிச்ச கல்லுக்கு அடையாளம் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றார் டாக்டரம்மா. “முடிஞ்ச உடனே துடைச்சுடறது எங்க பழக்கம். கிருமி மருந்து போட்டு மூணு தடவை துடைச்சேன்.” எங்களிடமிருந்து பாராட்டு எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மாமா சிரித்துவிட்டு மறுபடி குமிழை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சுவரைக் குடைய ஆரம்பித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மெஷின் ஓடும்போது எங்கள் காலடித் தரையே அதிர்ந்தது. மாமா பாதத்தைப் பதித்தார், தட்டினார், எடுத்தார். இன்னொரு கல்லுக்குப் போனார். மறுபடி பழைய கல்லுக்கே வந்தார். அப்புறம் குமிழை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

“பொறு” என்றார்.

“எவ்வளவு நேரம்?” என்று கையால் கேட்டேன்.

“அவங்க நிறுத்தற வரைக்கும்.”

லாரிக்காரன் கிளம்பிவிட்டான், இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான் என்றார் டாக்டரம்மா. குடைவதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். பொறுத்திருந்தால் என்ன? ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் பொறுத்தவனுக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை.

“நான் தட்டுறேன் மாமா” என்று அவர் காதருகில் குனிந்து உரக்கச் சொன்னேன். “எனக்குக் கேக்குது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குமிழை நீட்டினார்.

மெஷின் விட்டுவிட்டுத்தான் ஓடியது. நடுவில் கிடைத்த இடைவெளிகளில் நான் தட்டினேன். நன்றாகவே கேட்டது. பத்துக் குறி போட்டாயிற்று. கடைசியில் பின்னறை வாசற்படிக்கு முன்னால் ஒரு கல். அங்கே வழி குறுகல், விலகிப்போக இடமில்லை. அது காலி என்றால் இரண்டு பக்கக் கெட்டிக் கற்களின்மேலும் உத்தரக் கட்டை போட்டுப் பாலம் மாதிரி தாண்ட வேண்டும். கட்டை அக்கா வீட்டில் இருந்தது. போய் எடுத்துவர இரண்டு மணி நேரம். முதல் மூலையைத் தட்டினேன், கெட்டி. இரண்டாவது, கெட்டி. மூன்றாவது மூலையில் டப்பாச் சத்தம். இன்னும் மெதுவாக ஒரு தடவை தட்டினேன். அதே சத்தம்தான். எழுந்து, எல்லாம் சரி என்று தலையை ஆட்டினேன்.

மாமா குறிகளை எண்ணினார். “பத்துதானா? நேத்துப் பதினொண்ணு.”

“நேத்து நீங்க ஒண்ணு கூடப் போட்டிருப்பீங்க.”

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். நேற்று அந்தக் கால் சொன்னதை விட்டுவிட்டு, இன்று என் வாய் சொன்னதை நம்பினார்.

நாங்கள் தள்ள ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு மெஷின் நின்றுவிட்டது. வீடு அமைதியானது. பெட்டி ஒரு சாண், நிறுத்தம், ஒரு சாண், நிறுத்தம் என்று வாசற்படிக்கு வந்தது. அப்போது பலகைக்கு அடியில் டக்கென்று ஒரு சத்தம். எனக்கு ஸ்பஷ்டமாகக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது என்ற தைரியத்தில் நான் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த குழாயை எடுத்தேன்.

“நில்லு” என்றார். கை உயர்ந்திருந்தது. பலகையில் ஊன்றிய கால் அவருக்குச் சொல்லிவிட்டது.

பெட்டியைப் பின்னறையில் இறக்கிவிட்டுப் பலகையைத் தூக்கினோம். மூன்றாவது மூலையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். டாக்டரம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பேசினார்.

“என் தப்பு டாக்டரம்மா. எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. அதனால வந்தது. கல்லை நாங்களே மாத்திக் குடுத்துடறோம்.”

கட்டின மனைவியிடம்கூட ஒத்துக்கொள்ளாததை, முந்தாநாள்வரை முன்பின் தெரியாதவரிடம் நின்று சொன்னார். டாக்டரம்மா நல்ல மனுஷி. “ஒரு கல்லுதானே, அந்தப் பக்கம் அலமாரி வரும், மறைஞ்சுடும்” என்றார். மாமாவுக்கு அது கேட்கவில்லையோ, கேட்டும் ஏற்கவில்லையோ, தலையை மட்டும் ஆட்டினார். மெஷின் இரைச்சலில் எனக்கும் சரியாகக் கேட்டிருக்காது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். பொறுத்திருக்க வேண்டியவர் தான்தான் என்பது அவர் கணக்கு. நானும் அதைத் திருத்தவில்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்கு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்று மணிக்கு அவள் வேனை எடுக்க வேண்டும். சோற்றில் கை வைத்ததுமே மாமா சொன்னார்.

“இன்னிக்கு ஒரு கல்லு உடைஞ்சு போச்சு. நீ சொன்னது சரிதான். எனக்குக் காது போச்சு. நான் நிறுத்திக்கறேன்.”

அக்கா ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டியைத் தொட்ட கை, அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

நான் சாப்பிட்டேன். முதல் தடவை போட்டதை முடித்தேன், இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாளையிலிருந்து டிராலிதான். அக்காவும் நிம்மதியாக இருப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அக்கா மோர் ஊற்ற வந்தபோது கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தேன். அவமானமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

“அவர் தட்டலக்கா” என்றேன் தட்டைப் பார்த்துக்கொண்டு. “நான்தான் தட்டினேன். அது காலின்னு எனக்குத் தெரியும். கட்டை எடுக்க வரணுமேன்னு சரின்னு சொல்லிட்டேன். நேத்து அவர் சரியாத்தான் குறி போட்டிருந்தாரு.”

மெதுவாகத்தான் சொன்னேன். அக்காவுக்குத் தெரிந்தால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை.

மாமா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “என்ன சொல்றான்?”

அக்கா என்னைப் பார்த்தாள். “நீயே சொல்லு. அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு.”

“மாமா, அந்தக் கல்லு…”

“கேக்கல” என்றார்.

“எனக்குக் கேட்டுச்சு மாமா!” என்று கத்தினேன். “காலின்னு எனக்கு நல்லாக் கேட்டுச்சு! உடைஞ்ச சத்தமும் கேட்டுச்சு!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போன யாரோ நின்று பார்த்தார்கள். செய்த தப்பை ரகசியமாக ஒப்புக்கொள்ள எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். இடது பாதத்தைக் கையால் ஒரு தடவை தேய்த்துவிட்டார். “அப்போ பதினொண்ணுதான்” என்றார், எங்களிடம் இல்லை, அந்தக் காலிடம். பிறகு சோற்றை எடுத்து வாயில் வைத்தார்.

அக்கா வேன் சாவியை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

“அப்போ நிறுத்த வேண்டியது யாரைடா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என்னைத்தான் நிறுத்தினார்கள். ஆறு மாசம் என் கையில் சாக்பீஸும் கொடுக்கவில்லை, குமிழும் கொடுக்கவில்லை. கம்பளி மடிப்பதும் குழாய் எடுத்து வைப்பதும்தான். மாமா இன்றைக்கும் வேலைக்குப் போகிறார். காது டாக்டரிடமும் போய்வந்தார், கருவி ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறார். அக்கா ஒரு சட்டம் போட்டாள். ஆபத்து என்றால் நான் கத்தக் கூடாது, பலகையில் இரண்டு தடவை ஓங்கி மிதிக்க வேண்டும். மிதித்த மாத்திரத்தில் அவர் நிற்கிறார், நான் கத்தியபோதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை. பக்கத்தில் எங்காவது மெஷின் ஓடினால் இரண்டு பேரும் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவோம். டிராலியில் அக்கா தண்ணீர் கேன் வைத்திருக்கிறாள்.

உடைந்த கல்லை நான்தான் போய் மாற்றினேன். டாக்டரம்மாவிடம் மிச்சக் கல் ஒன்று மாடியில் கிடந்தது. அடியில் சிமெண்ட் நிறைத்து, ஐந்து தட்டும் தட்டிப் பார்த்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வைத்தேன். மற்ற கற்களைவிட அது கொஞ்சம் வெளுப்பு. அலமாரி வந்து மறைத்துவிட்டது, யாருக்கும் தெரியாது என்கிறார் டாக்டரம்மா. உடைத்தது யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. இந்த வருஷம் எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. இரண்டு பஸ் மாறி வேறு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன்.